கண் சொட்டு மருந்தும் கண் சிகிச்சை ஆய்வுகளும்: டெல்டா மாவட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கண் நோயாளிகளும், அவர்களை அழைத்து வரும் பிள்ளைகளும், மருந்து வாங்கும் இடத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. முற்பகுதி மருந்தைப் போடும் முறை பற்றியது; பிற்பகுதி, செய்தித்தாளிலும் கைப்பேசியிலும் வந்து சேரும் ஆய்வுச் செய்திகளை எப்படிப் புரிந்துகொள்வது என்பது பற்றியது. உங்கள் மருத்துவர் எழுதிய மருந்தை இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். அவரிடம் அடுத்த முறை எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஒரு சொட்டு போதுமா? பாதி கன்னத்தில் வழிந்துவிடுகிறதே?

போதும். ஒரு சொட்டின் அளவு ஏறக்குறைய 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். இமைகளுக்கு இடையில் தங்கக்கூடியதோ அதிகம் போனால் 30 மைக்ரோலிட்டர்தான். ஆகவே முதல் சொட்டிலேயே சிறிது வழிவது இயல்பு. இரண்டாவது சொட்டு விட்டால் மருந்து சீக்கிரம் தீரும் என்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை விரலால் இழுத்தால் உண்டாகும் சிறு பைக்குள் ஒரு சொட்டு விட வேண்டும். குப்பியின் நுனி இமையிலோ, இமை முடியிலோ, விரலிலோ படக் கூடாது. பட்டால் அங்குள்ள கிருமி குப்பிக்குள் போய்விடும். பிறகு கண்ணை இறுக்காமல் மூடி, மூக்கை ஒட்டிய மூலையை விரல் நுனியால் 2 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கண்ணீர் வடியும் குழாய் அங்கே தொடங்கி மூக்குக்குள் இறங்குகிறது. சொட்டுப் போட்ட சிறிது நேரத்தில் தொண்டையில் கசப்புத் தெரிவதற்கு அதுதான் காரணம். அந்த மூலையை அழுத்தினால் மருந்து கண்ணிலேயே தங்கும், இரத்தத்தில் கலப்பதும் குறையும். குழந்தைகளுக்குக் கண்பாப்பாவை விரிக்கும் அட்ரோபின் போடும்போதும், முதியவர்களுக்குக் கண் அழுத்த மருந்தான டிமோலால் போடும்போதும் இந்த ஒரு வேலையை விடவே கூடாது.

கை நடுங்குபவர்கள் மல்லாந்து படுத்து, மூடிய கண்ணின் மூக்கோரத்தில் ஒரு சொட்டு விட்டுவிட்டு மெதுவாகக் கண்ணைத் திறக்கலாம்.

இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகப் போடலாமா?

ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 5 நிமிடம் விட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது முன்னால் போட்டதைக் கழுவிக்கொண்டு போய்விடும். சொட்டு முதலில், களிம்பு கடைசியில். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டு மருந்து போட்டு, 15 நிமிடம் கழித்தே திரும்ப அணிய வேண்டும்.

குப்பியில் 2 ஆண்டுக்குக் காலாவதித் தேதி போட்டிருக்கிறது. அதுவரை வைத்துக்கொள்ளலாமா?

அந்தத் தேதி திறக்காத குப்பிக்கு உரியது. திறந்த பிறகு பெரும்பாலான கண் சொட்டுகளை 4 வாரத்தில் தூக்கி எறிந்துவிட வேண்டும். திறந்த நாளைப் பேனாவால் குப்பியின் மேலேயே எழுதி வைப்பது நல்லது. கண் அழுத்த நோய்க்கான லாட்டனோபிராஸ்ட் சொட்டில் பல தயாரிப்புகளைத் திறப்பதற்கு முன் 2 முதல் 8 பாகை வரையிலான குளிரில் வைக்க வேண்டும். திறந்த பிறகு 25 பாகைக்கு மேற்படாத இடத்தில் 6 வாரம் வரை வைத்திருக்கலாம். கத்திரி வெயில் காலத்தில் நம் ஊர் வீட்டுக்குள் 25 பாகை என்பது நடக்காத காரியம்; ஆகவே திறந்த பிறகும் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உறைபனி அறையில் வைக்கக் கூடாது. வீட்டில் அந்த வசதி இல்லை என்றால் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சாதாரண வெப்பநிலையில் வைக்கக்கூடிய மாற்று மருந்துகள் உண்டு.

அறுவடை நேரத்தில் கண்ணில் தூசு விழுந்து சிவந்துவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு வாங்கிப் போட்டால் போதாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

குறுவை அறுவடையிலும், தை மாதச் சம்பா அறுவடையிலும் நெல் சுணை, உமி, இயந்திரம் கக்கும் தூசு, தாளின் முனை ஆகியவை கண்ணில் படுவது அன்றாடம் நடப்பது. அதனால் கருவிழியின் மேல்தோலில் ஒரு சிறு கீறல் விழுகிறது. தாவரப் பொருளால் விழுந்த கீறலில் பூஞ்சைக் கிருமி தொற்றும் அபாயம் அதிகம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1994ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட கட்டுரையில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கண்ணில் அடிபட்டதாகச் சொல்லியிருந்தனர்; கிருமி வளர்ந்து காட்டிய புண்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறையச் சரிபாதி. பூஞ்சைகளில் முதலிடம் ஃபியூசேரியத்துக்கு, அடுத்த இடம் அஸ்பெர்ஜில்லஸுக்கு. அந்த மூன்று மாதங்களும் தமிழ்நாட்டின் அறுவடைக் காலம் என்பதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்போது கடைக்கு வருவோம். “கண்ணு சிவந்திருக்கு, ஒரு சொட்டு கொடுங்க” என்று கேட்டால், பல இடங்களில் எடுத்துக் கொடுக்கப்படுவது ஆன்டிபயாட்டிக்கும் டெக்சாமெத்தசோன் அல்லது பிரெட்னிசலோன் போன்ற ஒரு ஸ்டீராய்டும் கலந்த சொட்டு. போட்ட சில மணி நேரத்தில் சிவப்பு மங்கும், உறுத்தல் அடங்கும், வாங்கியவருக்கு நிம்மதி வரும். ஆனால் ஸ்டீராய்டு கிருமியைக் கொல்வதில்லை. கிருமியை எதிர்த்து உடல் நடத்தும் போரைத்தான் அது அடக்குகிறது. பூஞ்சைக்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேறு இல்லை. ஹெர்பிஸ் வைரஸ் புண்ணாக இருந்தாலும் இதே கதைதான். வலி திரும்பி, கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி தெரிந்து, “பூ விழுந்துவிட்டது” என்று சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்கு வரும்போது, புண் ஆழமாகப் போயிருக்கும்.

ஆகவே தூசு விழுந்தவுடன் கண்ணைக் கசக்காமல் சுத்தமான குடிநீரால் நன்றாகக் கழுவுங்கள். நாக்கால் எடுப்பது, துணி முனையால் துடைப்பது, தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு ஆகிய எதுவும் வேண்டாம். கீறல் விழுந்த கருவிழிக்குள் இவை புதுக் கிருமிகளைக் கொண்டு சேர்க்கும். மறுநாளும் வலியோ, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுவதோ, பார்வை மங்கலோ இருந்தால், அல்லது கருவிழியில் வெண்புள்ளி தெரிந்தால், அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையா இல்லையா என்பது பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். அதற்கு முன் கடையில் வாங்கி ஏதாவது போட்டிருந்தால் மறைக்காமல், குப்பியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அப்படியானால் ஸ்டீராய்டு சொட்டே கெட்டதா? எனக்கு மருத்துவரே எழுதியிருக்கிறாரே?

கெட்டது அல்ல. புரை அறுவைக்குப் பின்னும், கண்ணின் உட்புற அழற்சிக்கும் அது இன்றியமையாத மருந்து. கண்காணிப்பு இல்லாமல் போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. ஸ்டீராய்டு சொட்டை வாரக்கணக்கில் போட்டால் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் கண் அழுத்தம் ஓரளவு உயரும், சிறு பகுதியினருக்கு மிக அதிகமாக உயரும் என்பது 1960களிலிருந்தே அறியப்பட்ட உண்மை. நீண்ட காலம் போட்டால் புரையும் வரும். அழுத்தம் உயர்வதை நோயாளியால் உணர முடியாது. கருவியால் அளந்தால்தான் தெரியும்.

புரை அறுவைக்குப் பின் “முதல் வாரம் 6 முறை, அடுத்த வாரம் 5 முறை” என்று படிப்படியாகக் குறைத்து எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டை நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்து, அதன்படி குறைத்து, சொன்ன நாளில் நிறுத்த வேண்டும். கண் நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்துவதும் தவறு, நன்றாக இருக்கிறதே என்று தொடர்வதும் தவறு. மீந்த மருந்தைச் சம்பந்தியின் கண் சிவப்புக்குக் கொடுத்தனுப்புவது நம் பக்கத்தில் ஒரு உபசாரமாகவே நடக்கிறது; அதை விட்டுவிட வேண்டும். அறுவைக்குப் பின் கண்ணில் வலி கூடினாலோ, பார்வை திடீரெனக் குறைந்தாலோ, சிவப்பு அதிகமானாலோ, அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் அன்றே போங்கள்.

மெட்ராஸ் ஐ வந்தால்?

பெரும்பாலும் அது அடினோவைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் சொட்டு வைரஸைக் கொல்லாது. ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். துண்டு, தலையணை, சொட்டுக் குப்பி ஆகியவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பார்வை மங்கினால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

மூடியின் நிறத்தை வைத்து மருந்தை அடையாளம் வைத்துக்கொள்வது சரியா?

ஒரு மூதாட்டி தம் மஞ்சள் பையைக் கவுண்டரில் கவிழ்த்தபோது விழுந்த குப்பிகளில் இரண்டுக்கு ஒரே வெள்ளை மூடி. ஒன்று கண் அழுத்த மருந்து, மற்றொன்று அவருடைய பேரனின் காதுச் சொட்டு. எழுத்துகள் எண்ணெய்க் கையால் அழிந்திருந்தன. “வெள்ள மூடி ராத்திரிக்கி” என்று மகள் சொல்லிக் கொடுத்ததை அவர் நம்பியிருந்தார். நிறுவனம் மாறினால் மூடியும் மாறும். ஆகவே நிறம் அடையாளம் ஆகாது. குப்பியைச் சுற்றித் தாள் ஒட்டி, “காலை, இரவு”, “வலது கண்” என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். எழுத்து தெரியாதவர்களுக்கு ரப்பர் வளையம் மாட்டலாம். காதுச் சொட்டையும், அதே அளவுக் குப்பியில் வரும் உடனடிப் பசையையும் கண் மருந்து இருக்கும் தட்டில் வைக்கவே கூடாது. தவறிக் கண்ணில் விட்டுவிட்டால் 15 நிமிடமாவது நீரால் கழுவி மருத்துவமனைக்கு விரையுங்கள். பசை ஒட்டிய இமைகளைப் பிய்க்க முயலாதீர்கள்.

கண்ணில் பிரஷர் என்றார்கள். வலியும் இல்லை, பார்வையும் நன்றாக இருக்கிறது. ஆயுள் முழுக்கச் சொட்டுப் போட வேண்டுமா?

கண் அழுத்த நோயில் பார்வை ஓரத்திலிருந்து, வலியே இல்லாமல் குறைகிறது. போன பார்வை திரும்பாது. சொட்டு இருப்பதைக் காக்கிறதே தவிர, போனதைத் தருவதில்லை. “போட்டும் ஒன்றும் தெளியவில்லை” என்று பலர் நிறுத்துவது இந்த வேறுபாட்டை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லாததால்தான்.

டிமோலால் எழுதப்பட்டால், ஆஸ்துமாவோ, மூச்சிரைப்போ, நாடித் துடிப்புக் குறைவோ இருந்ததா என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கண்ணில் விடும் ஒரு சொட்டு மூச்சுக்குழாயைச் சுருக்கும் வலிமை கொண்டது. லாட்டனோபிராஸ்ட் போடுபவர்களுக்கு இமை முடி நீளும், கண்ணைச் சுற்றித் தோல் சற்றுக் கறுக்கும். அது தெரியாமல் பயந்து நிறுத்தியவர்கள் உண்டு.

“இந்த மருந்தால் ஆபத்து பாதியாகக் குறைகிறது” என்று படித்தேன். அதற்கு என்ன பொருள்?

எதில் பாதி என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் 40 முதல் 80 வயது வரை, கண் அழுத்தம் அதிகமாக இருந்தும் பார்வை நரம்புப் பாதிப்பு இல்லாத 1,636 பேரை இரு பிரிவாகப் பிரித்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. 5 ஆண்டு முடிவில், சொட்டு மருந்து போட்டவர்களில் 4.4 விழுக்காட்டினருக்கும், போடாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 9.5 விழுக்காட்டினருக்கும் கண் அழுத்த நோய் உண்டானது. “பாதிக்கு மேல் குறைந்தது” என்பது உண்மை. “100 பேர் 5 ஆண்டு மருந்து போட்டால் அவர்களில் 5 பேர் நோயிலிருந்து தப்புகிறார்கள்” என்பதும் அதே உண்மைதான். போடாதவர்களிலும் 90 பேருக்கு அந்த 5 ஆண்டில் நோய் வரவில்லை என்பதையும் அந்த எண்களே காட்டுகின்றன. அதனால்தான் அழுத்தம் மட்டும் உயர்ந்திருக்கும் சிலருக்கு மருத்துவர் உடனே மருந்து எழுதாமல், கருவிழியின் தடிமன், வயது, நரம்பின் தோற்றம் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்கிறார். ஏற்கெனவே நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மருந்தை விடவே கூடாது.

விளம்பரங்கள் எப்போதும் முதல் வாக்கியத்தைத்தான் அச்சிடும். இரண்டாவது வாக்கியத்தை நாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் மக்களை வைத்து நடந்த ஆய்வு ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் உலகம் முழுவதும் கருவிழிப் புண் சிகிச்சையை நிர்ணயித்த ஆய்வு. பூஞ்சைப் புண்ணுக்கு நேட்டமைசின் என்ற பழைய சொட்டு நல்லதா, வோரிகோனசோல் என்ற புதிய, விலை கூடிய மருந்து நல்லதா என்று தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் எந்த மருந்து என்று தெரியாது. 2013இல் வெளியான முடிவின்படி, பழைய நேட்டமைசின் போட்டவர்களுக்குப் பார்வை கூடுதலாகத் தேறியது. கருவிழி ஓட்டையாவதும் அவசர மாற்றுக் கருவிழி அறுவை தேவைப்படுவதும் அவர்களிடம் குறைவு. ஃபியூசேரியம் தொற்றில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. புதியதும் விலை கூடியதும் சிறந்தது என்ற நம் எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2012இல், பாக்டீரியாப் புண் உள்ள 500 பேரிடம் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டு சேர்ப்பது பயன் தருமா என்று பார்த்த ஆய்வும் வெளிவந்தது. மூன்று மாத முடிவில் இரு பிரிவினரின் பார்வையிலும் மொத்தத்தில் வேறுபாடு இல்லை. அங்கே கிருமி எது என்று கண்டறிந்து, பூஞ்சை உள்ளவர்களை விலக்கி, ஆன்டிபயாட்டிக் 2 நாள் போட்ட பிறகே ஸ்டீராய்டு தொடங்கினார்கள். கடையில் கேட்டு வாங்குவதற்கும் அதற்கும் எந்த ஒப்பீடும் கிடையாது.

ஒரு ஆய்வு நல்லது என்கிறது, இன்னொன்று பயனில்லை என்கிறது. எதை நம்புவது?

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிரிவு இருந்ததா என்பதை முதலில் பாருங்கள். நேபாளத்தின் பக்தபூரில், கருவிழியில் கீறல் விழுந்தவர்களுக்குக் கிராமப் பணியாளர்கள் உடனே ஆன்டிபயாட்டிக் களிம்பு போட்டதில் மிகப் பெரும்பாலோருக்குப் புண் வராமல் ஆறியது என்று 2001இல் ஓர் ஆய்வு சொன்னது. நம் வயல்வெளிக்கும் இதுவே வழி என்று பலரும் நம்பினார்கள். ஆனால் களிம்பு போடாமலே எத்தனை கீறல்கள் ஆறியிருக்கும் என்பதை அதில் அறிய வழியில்லை. பின்னர் நேபாளத்திலேயே சில பகுதிகளில் இத்திட்டத்தை நடத்தியும், சிலவற்றில் நடத்தாமலும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2022இல் வெளியானது. கருவிழிப் புண்ணின் எண்ணிக்கை இரண்டிலும் குறிப்பிடத்தக்க அளவு வேறுபடவில்லை. முதல் ஆய்வு பொய் சொல்லவில்லை. அது பதில் சொல்ல முடியாத கேள்விக்கு நாம் அதிலிருந்து பதில் எடுத்துக்கொண்டோம்.

கண்ணாடி வேண்டாம் என்ற சொட்டு, புரையைக் கரைக்கும் சொட்டு: உண்மையா?

40 வயதுக்கு மேல் கிட்ட இருப்பதைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படுபவர்களுக்கான பைலோகார்பின் சொட்டு பற்றி 2024இல் நம் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதின. அது கண் அழுத்த நோய்க்குப் பல தலைமுறைகளாகப் பயன்பட்ட பழைய மருந்து. கண்பாப்பாவைச் சுருக்கிச் சில மணி நேரம் கிட்ட இருப்பதைத் தெளிவாகக் காட்டும். அங்கீகரிக்கப்படாத வகையில் விளம்பரம் செய்யப்பட்டதாகக் கூறி, அந்த ஆண்டு செப்டம்பரிலேயே இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதியை நிறுத்திவைத்தது. மங்கலான வெளிச்சத்தில் பார்வை குறைவது இம்மருந்தின் இயல்பான பக்க விளைவு. இரவில் வரப்பில் நடப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

புரையைக் கரைப்பதாக நிறுவப்பட்ட சொட்டு மருந்து எதுவும் இல்லை. லானோஸ்டெரால் என்ற பொருள் நாய்களின் புரையைக் குறைத்ததாக 2015இல் ஓர் ஆய்வு வந்தது; அறுவையில் எடுத்த மனிதப் புரையை அதில் ஊறவைத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. புரைக்கு அறுவைதான் சிகிச்சை.

விழித்திரைக்கு விலை குறைந்த ஊசி போதும் என்கிறார்கள். ஏழைகளுக்கான இரண்டாம் தரமா?

இல்லை. முதுமையால் வரும் விழித்திரை மையப் பாதிப்புக்குப் விலை குறைந்த பெவாசிசுமாப், விலை கூடிய ரானிபிசுமாப் ஆகிய இரண்டு ஊசிகளையும் அமெரிக்க அரசின் நிதியில் ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் பார்வை முன்னேற்றம் சமமாக இருந்தது. பெவாசிசுமாப் ஒரு பெரிய குப்பியிலிருந்து பலருக்குப் பிரித்துக் கொடுக்கப்படுவதால், தூய்மையான முறையில் பிரிக்கப்படுகிறதா என்பது மட்டும் கேட்க வேண்டிய கேள்வி.

ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். “எலி” ஆக்கிவிடுவார்களோ?

இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல் மருந்துப் பரிசோதனைகள் தொடங்குவதற்கு முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். அதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டின் விதிகள்படி நெறிமுறைக் குழுவின் அனுமதியும், உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி வாங்கும் ஒப்புதலும் தேவை. ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எந்த நாளிலும், காரணம் சொல்லாமல், விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது. கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்த பிள்ளை ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நான் எந்தப் பிரிவில் விழுவேன், எத்தனை முறை வர வேண்டும், மன்னார்குடியிலிருந்தோ வேதாரண்யத்திலிருந்தோ வந்துபோகும் பேருந்துச் செலவை யார் தருவார்கள் என்பவையெல்லாம் தயங்காமல் கேட்க வேண்டியவை.

மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் யாரிடம் சொல்வது?

முதலில் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அத்துடன் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024இல் நோயாளியே நேரடியாகப் புகாரைப் பதிவு செய்யலாம். மருந்தின் பெயர், தயாரிப்புத் தொகுதி எண், போடத் தொடங்கிய நாள், தொந்தரவு தொடங்கிய நாள் ஆகியவற்றைக் கேட்பார்கள். ஆகவே குப்பியையும் அட்டைப்பெட்டியையும் எறியாமல் எடுத்து வைத்திருங்கள்.